தூளி இல்லாத கயிறு

தனுஷ்கோடிச் சுங்கச் சாவடியில் ஓர் அதிகாரி என் மூங்கில் குழாயைத் தட்டிப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்டார். படம் என்றேன். அவர் நம்பவில்லை. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் துணிப் பஞ்சம் தீராத சமயம். கொழும்பிலிருந்து வருகிற ஆசாமி குழாய்க்குள் மல் துணியைச் சுருட்டி வைத்திருப்பான் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, நான் படத்தை எடுத்து மேஜைமேல் விரித்தேன்.

ஓர் அறை. கீழே கோரைப்பாய். அதில் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். தலையையும் காதையும் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருக்கிறாள். தலைமாட்டில் ஓர் அரிவாள். இடது கையைப் பாய்மேல் நீட்டி வளைத்து வைத்திருக்கிறாள். அந்த வளைவுக்குள் ஒன்றுமில்லை, வெறும் பாய்தான். உத்தரத்திலிருந்து தூளி கட்டுகிற கயிறு தொங்குகிறது. கயிற்றில் தூளி இல்லை. அவளுடைய கண்கள் அந்த வெறும் பாயையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தார். உறவா என்று கேட்டார். தங்கை என்றேன். அவர் தானே படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டு, என் பெட்டியைத் திறக்காமலே சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். "போய்ட்டு வாங்க சார். மனசைத் தேத்திக்குங்க" என்றார். நான் மட்டும்தான் அந்தப் படத்தை அப்படிப் பார்க்கிறேன் என்று அதுவரை ஒரு சின்ன நம்பிக்கை வைத்திருந்தேன்.

நான் கொழும்பில் ஒரு கப்பல் ஆபீஸில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்திரக் காட்சிகளுக்குப் போய்விட்டு வந்து ஒரு வாரப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதுவேன். படத்தில் வாடிய பூ இருந்தால் அதற்கு ஒரு பாரா, சாத்திய ஜன்னல் இருந்தால் அதற்கு இன்னொரு பாரா. என் மனைவி இதை "இல்லாததைக் கண்டுபிடிக்கிற உத்தியோகம்" என்பாள். அப்படிப்பட்டவன் கையில் சொந்தத் தங்கையின் படம் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

தங்கை பெயர் ராஜம். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. யுத்தத்துக்கு முன்னால் கொழும்புக்கு வந்த ஒரு நாடகக் கம்பெனியில் முனிரத்தினம் என்பவர் திரை எழுதிக்கொண்டிருந்தார். அரண்மனை, காடு, நந்தவனம் எல்லாம் அவர் கைவேலை. ஊர் திருத்தணி. வீட்டில் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். நல்ல மனுஷர், ஆனால் வாய் ஓயாது. அவருக்கே ராஜத்தைக் கொடுத்தேன். முதல் குழந்தை பிறந்து தங்காமல் போயிற்று. மறுபடி உண்டாகியிருப்பதாக அவள் எழுதினாள். அதற்குப் பிறகு கடிதமே இல்லை. பிள்ளை பெற வேண்டிய மாதம் வந்தது, போயிற்று, அதற்குப் பிறகும் பல மாதங்கள் போயின. நான் போட்ட கார்டுகளுக்கெல்லாம் "சௌக்கியம்" என்று ஒரே வார்த்தையில் முனிரத்தினத்தின் பதில் வந்தது. மூச்சுவிடாமல் பேசுகிற மனுஷர் ஒரே வார்த்தை எழுதினால் பயப்படாமல் என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் அவருடைய பழைய கம்பெனி ஆர்மோனியக்காரர் கொழும்புக்கு வந்து இந்தக் குழாயைக் கொடுத்தார். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாம் சுற்றிவிட்டு சாவகாசமாக வந்திருந்தார். முனிரத்தினம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "படத்தைப் பார்த்தால் புரியும், உடனே புறப்பட்டு வரச்சொல்" என்று சொன்னாராம். பார்த்தேன். புரிந்தது. காதுக்கட்டும் தலைமாட்டு அரிவாளும் பிள்ளை பெற்றவளுக்குத்தான், அப்படியானால் பிள்ளை பிறந்திருக்கிறது. தங்கவில்லை. தூளியை அவிழ்த்துவிட்டார்கள், கயிறு மட்டும் மிச்சம். என் தங்கையும் எழுந்து நடமாடுகிற நிலையில் இல்லை. வாயால் சொல்ல முடியாததை ஒரு மனுஷர் வரைந்து அனுப்பியிருக்கிறார். தந்தி கொடுத்துக் கேளுங்கள் என்றாள் மனைவி. பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் தந்தி கொடுக்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மெட்ராஸிலிருந்து வந்த ரயிலில் உட்கார இடமில்லை. மறுநாளுக்கு மறுநாள் கிருத்திகை. பூக்காவடிகளும் பால்குடங்களும் கைக்குழந்தைகளுமாக ஜனங்கள் பெஞ்சுக்கு மேலும் கீழும் அடைந்திருந்தார்கள். எங்கள் கொழும்பு டிராமில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிட்டால் சண்டை வரும். இங்கே மிதித்தவரும் மிதிபட்டவரும் சேர்ந்து அரோகரா போட்டார்கள். என் குழாயில் என்ன இருக்கிறது என்று எதிரில் இருந்த தெலுங்குக்கார அம்மாள் ஜாடையில் கேட்டாள். குழாய் கூட்டத்தில் நசுங்கிவிடுமோ என்று எனக்கும் கவலை. வெளியே எடுத்துப் பார்த்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் மகளிடம் தெலுங்கில் ஏதோ கேட்டாள். பக்கத்தில் நின்றவர் எனக்குத் தமிழில் சொன்னார். "பிள்ளை எங்கே என்று கேட்கிறாள்" என்றார். நான் படத்தைச் சுருட்டிவிட்டேன். திருத்தணி வரும்வரை அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்காக்காரர்கள் ஒருவரும் வர மாட்டேன் என்றார்கள். கூட்டத்தில் குதிரை மிரளுமாம். பெட்டியைத் தோளிலும் குழாயைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு நடந்தேன். தலை நிமிர்ந்தால் மலை. சாயங்கால வெயில் படிக்கட்டில் பட்டு, ஏறுகிறவர்களின் மஞ்சள் துணியெல்லாம் பளபளத்தது. நல்ல காட்சிதான். எனக்கு அதை ரசிக்கத் திராணியில்லை.

அடிவாரத்தில் முனிரத்தினத்தின் வீடு பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் கையில் முறத்தோடு வெளியே வந்தாள். கொழும்பிலிருந்து வருகிறேன், ராஜத்தின் அண்ணன் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள் மாதிரி மூடிக்கொண்டது.

"அவுங்க அம்மையார்குப்பம் போய்கீறாங்க. நாடகத் தெரை ஒண்ணு எழுதினாரு, அத்தக் குடுக்க. நாளிக்கு வந்துருவாங்க."

"ராஜம்?"

"ஆங், அவுங்களும்தான் வண்டியில போனாங்க."

என் தங்கை உயிரோடு இருக்கிறாள். வண்டியில் ஏறி ஊருக்குப் போகிற அளவுக்கு இருக்கிறாள். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்ததில் பாதி அப்போதே இறங்கிவிட்டது. அந்த அம்மாளைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. ஆனால் இன்னொரு பாதி இருந்ததே. பிரசவம் என்ன ஆயிற்று, பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

அவள் முறத்தைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். "அதெல்லாம் நான் சொல்லக்கூடாதுங்க. அவுங்க வந்து சொல்லுவாங்க" என்று உள்ளே போய்விட்டாள். பிள்ளை இல்லை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

சத்திரத்தில் பெட்டியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஓட்டலில் அரிசிச் சோறு தீர்ந்துவிட்டது, கேழ்வரகுக் களிதான் உண்டு என்றார்கள். கொழும்பிலும் ரேஷன்தான். அங்கே நாங்கள் பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலுமாகக் காலம் தள்ளுகிறோம். இங்கே தலையளவு களி உருண்டையை இலையில் வைத்து, நடுவில் குழி பண்ணி வேர்க்கடலைச் சட்னியை ஊற்றினார்கள். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் நீர் வந்தது. ஆந்திரக் காரம். முதலில் வந்தது காரத்துக்காக வந்த கண்ணீர். பிறகு வந்ததெல்லாம் ராஜத்துக்காக. பரிமாறுகிறவர் ஒன்றும் கேளாமல் ஒரு குவளை மோர் கொண்டுவந்து வைத்தார். யாரும் தப்பாக நினைக்காத இடத்தில் உட்கார்ந்து அழ முடிந்ததே ஒரு நிம்மதியாக இருந்தது. களியையும் மிச்சம் வைக்கவில்லை.

காலையில் எழுந்தால் காத்திருக்கப் பொறுமையில்லை. அவர்கள் வருவதற்குள் நானே அம்மையார்குப்பம் போய்விடலாம் என்று ஆர்.கே.பேட்டை வழியாகப் பள்ளிப்பட்டு போகிற பஸ்ஸில் ஏறினேன். அது பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடுகிற பஸ். பின்னால் ஓர் ஆள் உயரத்துக்குக் கரி அடுப்பு. கண்டக்டர் பாதி நேரம் டிக்கெட் கொடுத்தார், பாதி நேரம் அடுப்பைக் கிளறினார். சமமான ரோட்டில் ஓடிற்று. ஏற்றம் வந்ததும் இருமிற்று. திருத்தணியைத் தாண்டி எத்தனையோ தூரம் வந்து, இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் காடு இருந்த ஒரு மேட்டில் நின்றேவிட்டது.

ஆண்களெல்லாம் இறங்கித் தள்ள வேண்டும் என்று கண்டக்டர் அறிவித்தார். எனக்குக் கிடைத்தது அடுப்புக்குப் பக்கத்து இடம். தள்ளத் தள்ள என் கையும் முகமும் வெள்ளைச் சட்டையும் கரியாயின. பக்கத்தில் தள்ளிய நெசவுக்காரர் ஒருவர், இந்த பஸ்ஸுக்குக் காசு கொடுத்து ஏறுவதைவிட சும்மா தள்ளிக்கொண்டே போனால் லாபம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததில் கை தளர்ந்து பஸ் பின்னால் வந்தது. கண்டக்டர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

அப்போது எதிரே ஒரு கூண்டு வண்டி வந்தது. பஸ் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் அதுவும் நின்றது. வண்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"பாவா, இன்னா இது வேஷம்?" என்றார். முனிரத்தினம். மைத்துனனைத் தெலுங்கில் பாவா என்பார்கள்.

வண்டிக்குள்ளிருந்து ராஜம் இறங்கினாள். கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். தலையில் மல்லிகை. இடுப்பில் ஒரு குண்டுப் பையன். என் கரி முகத்தைப் பார்த்தவுடன் அவன் வீல் என்று கத்தினான்.

நான் உலகத்தில் இதுவரை கேட்ட சத்தங்களிலெல்லாம் அதுதான் நல்ல சத்தம். நடுரோட்டில் நின்று நான் அழுதேன். கரியில் கண்ணீர் ஓடி, முகம் இன்னும் பயங்கரமாகியிருக்கும். பையன் இன்னும் ஓங்கிக் கத்தினான். பஸ்ஸிலிருந்த பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இது..." என்று பையனைக் காட்டினேன். முனிரத்தினம் வாயில் விரலை வைத்தார். ராஜம் வேர்க்கடலைக் காட்டைப் பார்த்தாள். பிறகு அவளே என் கையில் பையனைக் கொடுத்தாள். முனிரத்தினம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "நாளிக்கு பேசலாம் பாவா. நாளிக்கு எல்லாம் பேசலாம்" என்றார்.

என் பெட்டி சத்திரத்தில் இருந்தது. குழாய் கையிலேயே இருந்தது. பஸ்ஸை அதன் தலைவிதிக்கு விட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் பையன் என் கரிச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அவர்கள் இருவரும் அவனைக் "குப்பை" என்று கூப்பிட்டார்கள். யாருடைய குப்பை என்று நானும் கேட்கவில்லை. கேட்காமலே சந்தோஷமாக இருக்க முடியும் என்பது அந்த மாட்டு வண்டியில்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தேன். அதே கயிறு. அதில் ஒரு பழம்புடவைத் தூளி.

மறுநாள் கிருத்திகை. விடிந்ததும் மலையேறினோம். முன்னாலும் பின்னாலும் காவடிகள். படியில் உட்கார்ந்து இளைப்பாறிய ஒரு கிழவர் தன் மகனிடம் தெலுங்கில் கேட்டுக்கொண்டிருந்ததை முனிரத்தினம் எனக்குச் சொன்னார். சூரனை வதைத்த கோபம் தணியத்தான் சாமி இந்த மலைக்கு வந்தார், தணிந்த பிறகும் ஏன் இன்னும் கீழே இறங்கி வரவில்லை, நாம் எதற்கு ஏற வேண்டும் என்று கேட்டாராம். இருவரும் எழுந்து ஏறினார்கள்.

மண்டபத்தில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முனிரத்தினம் என்னைச் சம்மணமிட்டு உட்காரச் சொன்னார். பையனைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். தலைமுடி இறக்கும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் இருக்க வேண்டும். என்னைக் கப்பல் ஏற்றி வரவழைத்தது இதற்காகத்தான். தண்ணீர் தடவியதுமே பையன் திமிறினான். நான் இறுக்கிப் பிடித்தேன். நாவிதர் கத்திக்கும் அவன் காதுக்கும் நடுவே என் விரலைக் காவல் வைத்தேன். முடி கொத்துக்கொத்தாக விழுந்தது. பாதித் தலை ஆனபோது என் புது வேட்டியை அவன் நனைத்துவிட்டான். நாவிதர் அதை நல்ல சகுனம் என்றார். கடைசி முடியும் விழுந்து, மொட்டைத் தலையில் சந்தனம் அப்பினார்கள்.

முனிரத்தினம் அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்து நின்றார்.

"எனக்கு ஆம்பளப் புள்ள பொறந்துகிறான்" என்றார், நாவிதரிடம். நாவிதர் தலையாட்டினார். பிறகு தேங்காய்க் கடைக்காரரிடம் சொன்னார். படியில் நின்ற போலீஸ்காரரிடம் சொன்னார். காவடி எடுத்து ஆடிக்கொண்டிருந்தவரை நிறுத்தித் தெலுங்கில் சொன்னார். கீழே இறங்கும்வரை எதிரே வந்த ஒருவரையும் விடவில்லை. அடிவாரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் எங்களைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "உங்க தங்கச்சிக்குப் புள்ள பொறந்துகிதுங்க" என்று என்னிடம் சொன்னாள். நான் முதல் தடவையாகக் கேட்பது போல அப்படியா என்றேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு காரணம் கேட்டேன். முதல் பிள்ளை பிறந்தபோது முனிரத்தினம் நாடகக் கம்பெனி பூராவுக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் பறைசாற்றினார். அந்தப் பிள்ளை தங்கவில்லை. ஊர்க் கண் பட்டுவிட்டது என்றார்கள். அவரும் நம்பினார். இந்தப் பிள்ளைக்கு மலையில் முடி இறக்கும்வரை, பிறந்தது என்று வாயால் சொல்வதில்லை, எழுத்தில் எழுதுவதில்லை என்று வேண்டிக்கொண்டார். தெருவுக்கே இது தெரியும். தெருவே சேர்ந்து வாயைக் கட்டிக்கொண்டது. குப்பை என்று கூப்பிட்டதும் கண் படாமலிருக்கத்தான்.

"வாய் தொறக்கக்கூடாது, பேனா தொடக்கூடாது. பிரஷ்ஷப் பத்தி நான் சாமிகிட்ட ஒண்ணும் சொல்லல பாவா. புள்ளய மட்டும் போடல. மீதி எல்லாம் போட்டேனே. காதுக்குத் துணி கட்டினுகீறா, தலமாட்டுல இரும்பு கீது, கயிறு கீது. புள்ள பெத்தவன்னு கொயந்தகூட சொல்லுமே."

பிள்ளையே இல்லாமல் பிள்ளைப் பேற்றை வரைந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று கேட்டு, நான் குழாயிலிருந்து படத்தை எடுத்து விரித்து, அதை எப்படிப் படித்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். தூளியில்லாத கயிறு, வெறும் பாய், சுங்க அதிகாரி, ரயிலில் கேட்ட கேள்வி எல்லாவற்றையும். முனிரத்தினத்தின் முகம் வாடிவிட்டது. எம்மாம் சந்தோஷமாக எழுதின படம் தெரியுமா என்றார். உங்களுக்குச் சித்திரம் பார்க்கத் தெரியவில்லை என்றும் சொன்னார். என் வாரப் பத்திரிகை கௌரவம் போயிற்று. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

ராஜம் மொட்டைத் தலைப் பையனை மடியில் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் பாத்தது சரிதான்" என்றாள். "நீங்க எழுதிகினு இருந்தப்ப நான் சந்தோஷமாவா படுத்துனு இருந்தேன்? இதுவும் போயிடுமோன்னு, மூச்சு வருதா வருதான்னு பாத்துகினே இருந்தேன். உங்ககிட்ட சொன்னா நீங்க ஒடஞ்சிடுவீங்கன்னு சொல்லல."

முனிரத்தினம் படத்தைத் தன் பக்கம் இழுத்து அந்தக் கண்களைப் பார்த்தார். அவர் கண் கண்டதை அப்படியே எழுதியிருக்கிறார், அது பயம் என்று தெரியாமல். அடையாளங்களையெல்லாம் தப்பாகப் படித்த நான் அந்தக் கண்களை மட்டும் சரியாகப் படித்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வரவில்லை. கடல் தாண்டி இருந்துகொண்டு என் தங்கை தனியாகப் பட்ட பயத்தில் கொஞ்சம் நானும் பட்டிருக்கிறேன் என்பது மட்டும் ஆறுதலாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்துபோய் வர்ணக் கிண்ணங்களைக் கொண்டுவந்தார். பையன் தூங்கட்டும் என்று காத்திருந்தார். தூங்கியதும் அவனைப் பாயில் போட்டு, ராஜத்தைப் பக்கத்தில் படுக்கச் சொன்னார். முகத்தைத் திருத்தப் போகிறாரோ என்று நினைத்தேன். அதைத் தொட வேண்டாம் என்று ராஜம் படுக்கும்போதே சொல்லிவிட்டாள். அவள் கை வளைவில் முன்பே விட்டிருந்த இடத்தில் சந்தன மொட்டையோடு ஒரு பிள்ளை மெல்ல மெல்ல வந்தான். பெயர் தணிகாசலம் என்று அன்றுதான் வைத்தோம்.

படம் உங்களுக்குத்தான், எடுத்துப் போங்கள் என்றார்கள். காய்ந்த பிறகு அதே குழாயில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தனுஷ்கோடியில் அதே அதிகாரி நின்றார். என்னை மறந்திருந்தாலும் குழாயை மறக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், அதைத் தொடத் தயங்கினார். திறக்க வேண்டாம் சார், போங்கள் என்றார். நான் போகவில்லை. அவர் கேட்காமலே மூடியைக் கழற்றி, படத்தை மேஜைமேல் விரித்து, நாலு மூலையையும் கையால் அழுத்திப் பிடித்தேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. என் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, என் மடியில் வைத்துத்தான் முடி இறக்கினோம் என்று அவரிடம் சொன்னேன். பின்னால் நின்றவர்களுக்கும் திரும்பிச் சொன்னேன்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அன்னைக்குப் பார்த்த படம்தானே? இந்தம்மா முகத்தை நல்லா சிரிச்சாப்பல மாத்திட்டாங்களே" என்றார்.

"முகத்தில் கையே வைக்கவில்லை சார்" என்றேன்.